தேவதாரு வாசம்

தச்சரின் மகள் சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்புவாள். அவரும் அவளுடைய அம்மாவும் பிரிந்தபோது பேசி வைத்த ஏற்பாடு அது. கொஞ்ச நாளாக அவள் மதியம் வந்து அன்று சாயங்காலமே கிளம்பிக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டால் பட்டாணியும் பூசணியும் தேடும் என்பாள். இப்படியே போனால் அந்த மதியமும் நின்றுவிடும் என்று தச்சருக்குத் தெரிந்தது.

பட்டாணி, பூசணி இரண்டும் கினிப் பன்றிகள். பேரில்தான் பன்றி. பன்றிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எலிக்கு வேண்டுமானால் பெரியப்பா முறை சொல்லலாம். வால் கிடையாது. நாள் முழுக்கத் தின்னும், தின்ற இடத்திலேயே மற்றதையும் முடித்துக்கொள்ளும். அதனால் கூண்டுத் தரையில் எதைப் பரப்புவது என்பதுதான் வளர்ப்பவர்களுக்குத் தலைவலி. மகளின் அம்மா கடையில் விற்கும் காகிதத் துகளைப் பரப்பி வந்தாள்.

தச்சர் அவளுக்குப் போன் செய்து, சனி ஞாயிறு மட்டும் அதுகளையும் இங்கே அனுப்பு, நானே ஒரு கூண்டு செய்துவிடுகிறேன் என்றார். சுற்றி வளைத்துப் பேசும் பழக்கம் அவளுக்கு இல்லை.

"அனுப்புறேன். ஆனா அதுகளுக்கு ஏதாவது ஆச்சுன்னா குட்டி தாங்க மாட்டா. அப்புறம் அங்க வர்ற பேச்சே எடுக்க மாட்டா, பாத்துக்குங்க."

பட்டறையில் வேலை முடிந்த பிறகு கூண்டை ஆரம்பித்தார். மூலைகளை ஆணி இல்லாமல் கோத்தார். ஏறி இறங்க ஒரு சாய்பலகை வைத்தார். பன்றிகளின் கால் வழுக்காமல் அதில் குறுக்கே கோடு கீறினார். பாலிஷ் போடுகிறவன் வந்து எட்டிப் பார்த்தான்.

"எனக்கு ஒரு கட்டில் செஞ்சு தான்னு எத்தனை நாளா கேக்குறேன் மச்சான். பன்னியாப் பொறந்திருக்கலாம் போல."

"நீ பொறந்தாச்சுன்னு நெனச்சேன்," என்றார் தச்சர், தலையைத் தூக்காமல்.

தரைக்கு என்ன போடுவது என்று அவர் யோசித்த மாதிரி யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். மரத்தூள் மூக்கில் ஏறும், ஆகாது. ஒட்டுப்பலகைச் சீவலில் பசை இருக்கும், ஆகாது. செய்தித்தாளில் மை. கடைக் காகிதத் துகளைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. தச்சன் வீட்டில் படுக்கைக்கா பஞ்சம்?

பட்டறையில் அப்போது துணிப்பெட்டிகள் செய்துகொண்டிருந்தார்கள். உள்பக்கம் தேவதாருப் பலகை அடிப்பார்கள். அந்த வாசத்துக்குப் பூச்சி பக்கத்தில் வராது, துணி வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். துணிக்கே நல்லதென்றால் உயிருக்குக் கேட்க வேண்டுமா? இழைப்புளியை மெல்லிசாக வைத்து ஒரு தேவதாருக் கட்டையை அதற்கென்றே சீவினார். ரிப்பன் போலச் சுருள் சுருளாக விழுந்தது. கையை உள்ளே விட்டால் மெத்தை தோற்கும்.

சனிக்கிழமை பன்றிகளோடு வந்த மகள் கூண்டைப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுல நானே படுத்துக்குவேன்பா," என்றாள். அன்று இரவு தங்கினாள்.

ஞாயிறு காலை பூசணி தும்மியது. விடாமல் தும்மியது. மதியம் இலையைத் தொடவில்லை. மூச்சு வாங்கும்போது விலா உள்ளே இழுத்தது. விடுமுறை நாளிலும் திறந்திருக்கும் ஒரு கால்நடை மருத்துவரைத் தேடிப் பிடித்துத் துண்டில் சுற்றி எடுத்துப் போனார்கள். மருத்துவர் துண்டைப் பிரித்ததுமே நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன இப்படி மணக்குது? கூண்டுல என்ன போட்டிருக்கீங்க?"

தச்சர் சொன்னார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

பூச்சியை விரட்டுகிற எண்ணெய்தான் இதன் நெஞ்சையும் அரிக்கிறது என்று மருத்துவர் விளக்கினார். துணி மூச்சு விடாது, இது விடும். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். பயப்படும்படி இல்லை, ஆனால் இன்னொரு நாள் அதில் படுத்திருந்தால் கதை வேறு என்றார்.

வெளியே வந்ததும் மகள், அம்மாவிடம் சொல்ல வேண்டாம், சளி பிடித்தது என்றால் நம்பிவிடுவாள் என்றாள். தச்சருக்கும் அந்த ஆசை வந்தது. ஆனால் மருந்தை வேளாவேளைக்குக் கொடுக்கப் போகிறவள் அந்த அம்மாதான். என்ன வியாதி என்று தெரியாமல் கொடுக்கச் சொல்வது எப்படி? தெருவில் நின்றபடியே போன் செய்து, நான்தான் தேவதாரு போட்டேன் என்றார்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். வந்து இரண்டையும் எடுத்துக்கொண்டாள். மகளும் பையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள். அந்த வாசம் போகிற வரைக்கும் பன்றிகள் இங்கே வராது என்று மட்டும் அம்மா சொன்னாள். மகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

தச்சர் சுருளையெல்லாம் அள்ளிக் கொட்டினார். கூண்டைச் சோப்பு போட்டுத் தேய்த்தார், சுடுதண்ணீர் ஊற்றினார், பால்கனி வெயிலில் காய வைத்தார். பிறகு தலையைக் கூண்டுக்குள் விட்டு மோந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அங்கேதான் சிக்கல். பட்டறையிலேயே கிடந்த மூக்கு அது. தேவதாரு அவருக்கு வாசம் இல்லை, வெறும் காற்று. போய்விட்டதா இருக்கிறதா என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. பாலிஷ்காரனை வீட்டுக்குக் கூட்டி வந்து மோந்து பார்க்கச் சொன்னார். தின்னரில் ஊறிய மூக்கு. நல்லெண்ணெய் வாசம் வருது மச்சான் என்றான். எதிர்வீட்டுத் தையல்காரம்மா சுத்தமாக இல்லை என்றார். ஆனால் அவர் யார் மனதும் நோகப் பேசாதவர். எப்படி நம்புவது?

வெள்ளிக்கிழமை மகள் போன் செய்தாள். பூசணி இலை தின்னுகிறதாம், தும்மல் குறைந்துவிட்டதாம். கூண்டு என்ன ஆச்சு என்று கேட்டாள். அவர் தன் மூக்கின் நிலைமையைச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

"நீங்க தொடாதீங்கப்பா. நானே வந்து மோந்து பாக்குறேன்."

மறுநாள் பையோடு வந்தாள், தனியாக. செருப்பைக் கழற்றியதும் நேரே பால்கனிக்குப் போய்த் தலையைத் தோள் வரைக்கும் கூண்டுக்குள் விட்டாள். வெளியே வந்து, லேசாக இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னாள். ராத்திரி தங்கி, ஞாயிறு முழுக்க அவரோடு சேர்ந்து தேய்த்தாள். அடுத்த சனிக்கிழமையும் வந்து மோந்தாள். மூலையில் கொஞ்சம் இருக்கிறதாம். அதற்கடுத்த வாரம் சாய்பலகையில். தையல்காரம்மா அந்தப் பக்கம் வந்தவர் கூண்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, சோப்பு வாசம்தானே வருது என்று ஆரம்பித்தார். மகள் அவரைப் பார்த்த பார்வையில், வந்த வேலையைக் கவனிக்கப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் மகளின் அம்மா போன் செய்தாள். பூசணிக்கு முழுக்கக் குணமாகிவிட்டது, கூண்டு தயாரா என்று கேட்டாள்.

"குட்டி இன்னும் வாசம் இருக்குங்கிறா," என்றார் தச்சர்.

அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்டது.

"அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள் அவள். "மெதுவாவே காயட்டும்."