எஞ்சியது ஏயா, பியா?

1.

இந்தக் கதை ஒரு மீனில் தொடங்கியது என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. உண்மையில் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடை ஒன்றில், தே தாரிக் தேநீர் ஆறிக்கொண்டிருக்க, என் தோழி ஃபஹீமா அழுததில் தொடங்கியது. இதை எழுதட்டுமா என்று வெட்கமில்லாமல் கேட்டேன்.

"எழுதுங்கக்கா. ஆறுதல் மட்டும் எழுதாதீங்க." வாக்குக் கொடுத்தேன்.

2.

கிள்ளான் பாசாரில் ஐஸ் மேல் கிடந்த சியாக்காப் மீன்களின் கண்கள்

(வேண்டாம். மீன் கண்ணை வர்ணித்து அவள் கண்ணைப் பார்க்காமல் தப்பிக்கப் பார்க்கிறேன்.)

நேராகவே சொல்கிறேன். ஃபஹீமா மீன்களின் மைக்ரோ ஆர்என்ஏக்களை ஆராய்கிறவள். மற்ற மரபணுக்களை அடக்கி வைக்கும் குட்டித் துணுக்குகள் அவை. குடும்பம் குடும்பமாக இருக்கும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் மீன்களின் மூதாதை ஒன்றுக்கு மரபுத்தொகுதி முழுவதும் இரட்டித்துவிட்டது. எல்லாவற்றுக்கும் இரண்டு நகல்கள்: ஏ, பி. பிறகு பல குடும்பங்களில் ஒன்று தொலைந்துபோனது. எஞ்சிய நகலே போதுமானது என்று அவளே ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறாள்.

3.

அவள் வயிற்றிலும் இரண்டு இருந்தன. கணவன் ராசிக் கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கிறான். அவன் அவற்றுக்கும் ஏ, பி என்றே பேர் வைத்து வயிற்றோடு பேசிக்கொண்டிருந்தான். மூன்றாம் மாத ஸ்கேனில் ஒன்றுதான் தெரிந்தது.

மாமியார் மரியம் நல்லவர். (முதல் பிரதியில் அவரைக் கொடுமைக்காரியாக்கி வைத்திருந்தேன். கதைக்கு வசதி. அடித்துவிட்டேன்.) மருமகளின் தலையைத் தடவி அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஒண்ணு பத்திரமா இருக்குல்லம்மா. அதுக்கு அல்லாஹ்வுக்கு சுக்குர் செய்யி."

வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். ராசிக் மட்டும், காரை நிறுத்திவிட்டு இறங்காமல் கேட்டிருக்கிறான், "போனது ஏயா, பியா?"

அவளுக்குத் தெரியவில்லை. டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை.

"மீன்ல கண்டுபிடிச்சிருவேங்கக்கா," என்றாள் என்னிடம். "ஒண்ணு தொலைஞ்சாலும் ரெண்டு பக்கமும் இருந்த ஜீன் அப்படியே நிக்கும். அதைப் பாத்து, இங்க இருந்தது இதுதான்னு சொல்லிருவேன். எனக்குள்ள யாரைப் பாத்துச் சொல்றது?"

அழுவதற்கு அவளுக்கு ஒரு பேராவது வேண்டியிருந்தது, அதுவும் இல்லை.

4.

முடிவு ஒன்று: பெண் குழந்தை பிறக்கிறது, வீடு நிறைகிறது. (ஆறுதல். வாக்கு மீறல்.)

முடிவு இரண்டு: "போதுமானது" என்ற சொல்லை அவள் கட்டுரையிலிருந்து நீக்கிவிடுகிறாள். (படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவள் நீக்கவில்லை. மீனுக்கு அது சரிதான் லா, என்கிறாள்.)

குழந்தை பிறந்தது என்னவோ உண்மை. மஹ்ஜபீன் என்று பேர். தடுப்பூசி போடப் போன கிளினிக்கில் தாதி சாதாரணமாகக் கேட்கிறாள், "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கக்கா?"

ராசிக் குனிந்து குழந்தையின் துணியைச் சரிசெய்கிறான். ஃபஹீமா வாயைத் திறக்கிறாள்.

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஒன்று என்று எழுதினால் போனதை நானும் சேர்ந்து துடைத்துவிடுகிறேன். இரண்டு என்று எழுதினால், இன்னொண்ணு எங்கக்கா என்று தாதி கேட்பாள். நீங்கள் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் சீக்கிரம், தாதி காத்திருக்கிறாள்.