கேசாவின் எடைக்கற்கள்

ஜெர்மனியின் ஓல்டன்பர்க் சந்தைக்காரர்கள் ஜனவரியில் ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டு, கைவண்டியில் சாராயப் புட்டிகளை ஏற்றி, ஊருக்கு வெளியே இருக்கும் விடுதிவரை குடித்துக்கொண்டே நடப்பார்கள். அங்கே கேல் கீரையும் கொழுத்த சாசேஜும் காத்திருக்கும். சாப்பிடுமுன் ஒரு எடை, சாப்பிட்டபின் ஒரு எடை. எடைமேடை குளிர்க் கொட்டகையில் இருப்பதால் இரண்டும் குளிர்கோட்டு அணிந்தபடிதான். எடை அதிகம் கூடியவன் கீரை ராஜா. ராணியை ராஜாவே அறிவிப்பான்.

பாலாடைக்கட்டி விற்கும் கேசா அந்த அறிவிப்புக்காகவே வந்திருந்தாள். புருஷனை இழந்த அவள் வீட்டுக்கு, சந்தையில் பக்கத்துக் கடை மீன்காரன் ஹாபோ கோடை முழுக்க வந்துபோனான், அதுவும் கொல்லை வழியாக. நம்ம உறவை ஊரறியச் சொல்லு என்று அவள் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான்.

"ராஜாவானா நீதான் என் ராணி. அதுக்கு மேல ஊரறிய என்ன இருக்கு, கண்ணு?"

ஹாபோவுக்கோ வாய்தான் பெரிசு, வயிறு சின்னது. அதனால் தன் தராசின் பித்தளைக் கற்களைக் கேசா கொண்டுவந்திருந்தாள். எல்லோரும் இரண்டாவது தட்டில் தலைகவிழ்ந்திருக்கையில் அவன் கழற்றி வைத்திருந்த கோட்டின் பைகளில் அவற்றைப் போட்டாள்.

"கனமா இருக்கே" என்று கிசுகிசுத்தான், இரண்டாவது எடைக்காகக் கோட்டைக் கையில் எடுத்த ஹாபோ.

"ராஜான்னா கனமாத்தான் இருக்கும். பேசாம மாட்டிக்கோ."

வாடிக்கைக்காரர் யாருக்கும் ஒரு கிராம் குறைத்துப் போட்டவள் இல்லை அவள். முதல் கள்ள எடை இவனுக்காக.

ஹாபோ ஜெயித்தான். "நாலு தட்டு தின்னேன்யா! இவன் கொக்கு மாதிரி கொத்திக்கிட்டு இருந்தான்!" என்று புலம்பினான் கசாப்புக்கடை ரென்கே.

ஹாபோ நாற்காலிமேல் ஏறினான். கேசா தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

"என் ராணி, நம்ம பூக்கடை இம்கே!"

இம்கே திடுக்கிடக்கூட இல்லை. ராணிக்கான பச்சைத் துணிப்பட்டையைத் தன் கைப்பையிலிருந்தே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பூவேலை செய்த பட்டை. ஒரு வாரத் தையலாவது இருக்கும்.

கீழே இறங்கிய ஹாபோ கேசாவின் காதருகே குனிந்தான். "கோவிச்சுக்காத. வெறும் விளையாட்டுதானே?"

கேசா எழுந்தாள். கைதட்டல் ஓயும்வரை பொறுத்தாள். பிறகு, சந்தையில் விலை கூவும் அதே குரலில் கேட்டாள்:

"ராஜா, என் எடைக்கல்லைக் குடு. நாளைக்குக் கடை திறக்கணும்."

ரென்கே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"கேசா, உன் பேரும்தான் கெடும்" என்று பல்லைக் கடித்தான் ஹாபோ.

"கெடட்டும்."

ஹாபோவின் பைகளிலிருந்து ஒவ்வொரு கல்லாக மேசைமேல் விழுந்தது. அவள் துடைத்துத் துடைத்துப் பையில் போட்டாள்.

"சின்னக் கல்லு ஒண்ணு பாக்கி. உள்பையில பாரு."