மாக்கிரட் கிமோனோ கட்டிய கதை

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பிரெஞ்சு பேசும் இந்த ஊரில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டு மாக்கிரட், உடுப்புத் தோய்க்கும் அறையில் வைத்துச் சொன்னாள். மன்னார்க்காரி, குழந்தைகள் காப்பகத்தில் வேலை. சில வருடங்களாகச் சனிக்கிழமைகளில் மெட்ரோ பிடித்து நகரின் மறுபுறம் நோத்ர-டாம்-த-கிரேஸுக்குப் போய், கசுயே என்ற யப்பானிய ஆசிரியையிடம், யப்பானியரின் மரபு உடையான கிமோனோவை மற்றவர்களுக்கு உடுத்திவிடப் பழகுகிறாள். ஏனென்று கேட்டேன்.

"விருப்பம், அண்ணை."

எழுதுகிறவனுக்கு இதைவிட உதவாத பதில் கிடையாது.

2

முதல் வரைவு: 'பனி கொட்டும் மாலையில், அழிந்துவரும் ஒரு கலையின் கடைசி வாரிசான முதிய கசுயே, நடுங்கும் விரல்களால்…'

வாசித்துவிட்டு மாக்கிரட் சிரித்தாள். "கசுயே ரீச்சருக்கு நாப்பத்திரண்டு வயசு. விமான ரிக்கற் விக்கிறா. விரல் நடுங்கினா ஓபியை ஆர் இறுக்கிறது?"

(ஓபி: கிமோனோவின் மேல் இடுப்பைச் சுற்றிக் கட்டும் அகலப் பட்டி.)

"அப்ப கலை அழியேல்லையா?"

"வந்து பாருங்கோ, நிக்க இடமில்லை. பிரெஞ்சுக்காரர், ஹெயிட்டிக்காரர், நான். யப்பான்காரர்தான் வாறேல்லை."

பனியையும் விரல்களையும் அடித்துவிட்டேன். மனம் கொஞ்சம் நொந்தது.

3

கதைக்கு ஒரு சிக்கல் வேண்டும். 2006 கோடையில் அது தானாக வந்தது. பல்கலாசார விழாவில் கிமோனோ உடுத்திக் காட்டக் கசுயேயைக் கேட்டார்கள். அவர் தன் மாணவர்களில் மாக்கிரட்டைத் தெரிவுசெய்தார். சபை பார்க்க, மேடையில், தன் கையால் ஒருவரை உடுத்திவிட வேண்டும். மாக்கிரட்டுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

விழாக் குழுவில் சென்னைப் பேராசிரியை ஸ்வர்ணா இருந்தார். "மார்கரெட், தப்பா எடுத்துக்காதீங்க. ஜப்பான் நிகழ்ச்சியில நீங்க நின்னா ஜனங்க குழம்பிடுவாங்க. நீங்க நம்ம புடவை கட்டிக் காட்டுங்களேன். அதையும் காப்பாத்தணும் இல்லையா?"

மாக்கிரட்டுக்குச் சேலை கட்டத் தெரியாது.*

* சிரிக்காதீர்கள். கல்யாணவீடுகளுக்கு அவளுடைய மச்சாள்தான் கட்டிவிடுவாள், இடுப்பெல்லாம் ஊசி குத்தி.

4

ஸ்வர்ணாவை வில்லியாக்கப் பார்த்தேன். 'அகங்காரம் வழியும் குரலில் அவர்…' இல்லை, சரிவரவில்லை. மண்டபம் பிடிக்க ஓடித் திரிந்தவர் அவர்தான். அவர் தேடியதும் நான் முதல் வரைவில் தேடியதும் ஒரே யப்பான்காரிதான்.

குழு ஒரு வழி கண்டுபிடித்தது. பக்கத்து நகரான லவாலில் பிறந்த எமி என்ற யப்பானியப் பெண் கிமோனோவோடு மேடைக்கு வருவாள். மாக்கிரட் அவளைத் திரைக்குப் பின்னால் உடுத்திவிட்டு, அங்கேயே நின்றுகொள்ள வேண்டும். கசுயேவுக்குக் கோபம், விழாவே வேண்டாம் என்றார். "நாங்கள் போகாட்டி ஆருக்கு நட்டம், ரீச்சர்?" என்று மாக்கிரட்தான் சம்மதித்தாள். 'புன்னகையோடு' என்று சேர்த்திருந்தேன்.

"நான் சிரிக்கேல்லை, அண்ணை. வீட்டை வந்து அழுதனான். அதை எழுதுங்கோ."

எழுதிவிட்டேன்.

5

விழா அன்று எமி, தானே கிமோனோவைச் சுற்றிக்கொண்டு நின்றாள். தன் சட்டையைப் பூட்டுகிற பழக்கத்தில் வலப்பக்கத்தை மேலே விட்டிருந்தாள்.

"யேசுவே!" என்று மாக்கிரட் கத்திவிட்டாள். வலப்பக்கம் மேலே வருவது பிணத்துக்கு உடுத்தும் முறை.

அவிழ்த்து, இடப்பக்கத்தை மேலே கொண்டுவந்தாள். பின்கழுத்தில் ஒரு கை நுழைகிற அளவு இடம் விட்டு, ஓபியை இறுக்கினாள். எமி பயந்துபோய் அவள் கையைப் பிடித்தாள். "நீங்களும் வாருங்கள். யாராவது ஏதாவது கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது" என்றாள் பிரெஞ்சில்.

ஒலிபெருக்கியில் ஸ்வர்ணா 'அசல் ஜப்பானியக் கலை' என்று அறிவித்துக்கொண்டிருந்தார்.

6

முடிவு ஒன்று: இருவரும் வருகிறார்கள், சபை எழுந்து கைதட்டுகிறது. (பாயாசம்.)

முடிவு இரண்டு: எமி மட்டும் வருகிறாள், மாக்கிரட் திரையிடுக்கால் பார்க்கிறாள். (பரிசு கிடைக்கும்.)

"நடந்தது உங்களுக்குத் தெரியும்தானே, பேந்தென்ன?" என்கிறாள் மாக்கிரட். தெரியும். நானும் அங்கே இருந்தேன். ஆனால் சொல்லப்போவதில்லை.

உங்களை என் பக்கத்து நாற்காலியில் இருத்துகிறேன். திரை அசைகிறது. எமியின் கை தெரிகிறது. அதைப் பிடித்தபடி இன்னொரு கை. "யப்பான் பிள்ளையைப் பாக்கத்தானே வந்தனாங்கள், மற்றது ஆர்?" என்று பின்வரிசையில் ஒருவர் உரக்கவே கேட்கிறார். அந்த இன்னொரு கை நின்றுவிடுகிறது.

திரும்பி அவருக்கு ஏதாவது சொல்லுங்கள். மாக்கிரட்டுக்குக் கேட்கிற தூரம்தான்.