அடித்துவிட்ட வரி

டன்மோர் போதகரின் நினைவு ஆராதனைக்கான தாள் கைக்கு வந்தபோதே அங்கே வரும் சில கறுப்பினத்தவர்களில் ஒருத்தியான வெர்டெலுக்குச் சந்தேகம் தட்டியது. வெள்ளையர்களே அதிகமுள்ள அந்த மேரிலாந்து ஆலயம் நூற்றைம்பது வருடமாக அவர் பெயரை வாயால் சொன்னதில்லை. இப்போது அவருக்கென்று ஜெபமும் பாட்டும் அச்சடிக்கிறது. எதற்கு?

படித்தாள். அடிமையாகப் பிறந்தார், தப்பினார், போதகரானார், அடிமை முறையை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார். எல்லாம் இருந்தது. ஒன்று மட்டும் இல்லை. சிறு வயதில் அவரைத் தாயிடமிருந்து பிரித்து விற்றவர், இதே ஆலயத்தின் அன்றைய போதகர். பழைய பதிவேட்டைப் புரட்டி அந்த வரியை எழுதிக் கொடுத்ததே வெர்டெல்தான்.

புதிதாக வந்திருந்த வெள்ளைக்காரப் போதகர் கிரேட்டாவின் அறைக்கு நேராகப் போனாள்.

"என் வரி எங்கம்மா போச்சு? கசந்துச்சோ?"

"நான் எடுக்கல. ஆராதனைக் குழு திருத்தி அனுப்பினதத்தான் அச்சுக்குக் கொடுத்தேன்."

"குழுவா! பழியப் போட ஒரு ஆளு பத்தாதுன்னு அஞ்சு பேரு."

கிரேட்டா திருத்தப் பிரதியை எடுத்து நீட்டினார். அதையும் வெர்டெல் சந்தேகத்தோடுதான் வாங்கினாள். அந்த வரியின் மேல் பச்சை மையில் கோடு. ஓரத்தில் 'வேண்டாம்' என்று ஒரு சொல். அவளுக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து. அந்தக் குழுவில் இருந்த அவள் தம்பி லெமுவேலின் எழுத்து.

அவன் கீழே கூடத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"எவன்டா உனக்கு என்ன தர்றேன்னு சொன்னான்?"

"யாரும் ஒண்ணும் சொல்லலக்கா." கையிலிருந்த நாற்காலியை இறக்கி வைத்தான். "அந்த மனுஷனுக்குன்னு ஒரே ஒரு நாள். அன்னிக்கும் அவர வித்த கதையவா நாம வாசிக்கணும்? அன்னிக்கு வாசிக்கப்போறது நான்தான்; என் வாயால முடியல."

வெர்டெல் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஊரையே சந்தேகப்பட்டவளுக்குக் கூடப் பிறந்தவன் மனசு தெரியாமல் போயிற்று.

"நீ வாசிக்காத," என்றாள். "ஆனா அத மறைக்க விடமாட்டேன். வித்தவங்க ஆலயந்தானே, அவங்க போதகரே வாசிக்கட்டும்."

ஞாயிறன்று கிரேட்டா தனியாக எழுந்து நின்று அந்த வரியை வாசித்தார். அதற்கடுத்து, டன்மோர் தப்பிவந்த கதையை லெமுவேல் ஆலயமே அதிர வாசித்தான்.

முடிந்ததும் வெர்டெல், அந்த வரி சேர்த்து மறுபடி அச்சடித்த தாளில் ஒன்றை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அடுத்த வருடத் தாளோடு ஒத்துப் பார்க்க வேண்டுமே.