தட்டிப் பார்த்த கதவு

அண்ணன் தவறிப்போன பிறகு அவருடைய பழைய கார் எட்டு மாதமாக உறை போர்த்திக் கிடந்தது. சினிமாவுக்கு டூப் கார் செய்யும் தம்பி வந்து அதைப் படப்பிடிப்புக்குக் கேட்டபோது அண்ணி சட்டென்று சம்மதிக்கவில்லை.

"கீறல் விழாம வந்து சேருமா, தம்பி?"

"கிட்டத்துல எடுக்குற ஷாட்டுக்கு மட்டும்தான் இது. மலையிலேர்ந்து உருளப்போறது நான் செய்யுற டூப்பு. உங்க வண்டிமேல ஈகூட உக்காராது அண்ணி."

"செருப்போட ஏறுனா என்னையே இறக்கி விடுவாரு உங்க அண்ணன்," என்றபடி சாவியைக் கொடுத்தார்.

தம்பி ஒரு மாதம் உழைத்தான். ஒரு காயலான்கடை வண்டியின் அடிச்சட்டத்தில் ஃபைபர் உடம்பை ஏற்றி, அண்ணன் காரின் அதே பச்சையை அடித்தான். கதாநாயகன் கதவைத் திறந்து குதிக்கும் பக்கம் மட்டும் ஃபைபர் தாங்காது, கீலோடு பிய்ந்துவிடும். அதனால் டிரைவர் பக்கத்துக்கு அசல் தகரக் கதவையே தேடிப்பிடித்து மாட்டினான். யாரிடமும் சொல்லவில்லை. யாராவது கண்டுபிடிக்கட்டுமே என்ற சின்னப் பெருமை.

குதிக்கும் காட்சி நன்றாகவே முடிந்தது. மறுநாள் காலை, காரை உருட்டும்போது, தம்பி பள்ளத்தில் டைரக்டர் பக்கத்தில் நின்றான். பச்சைக் கார் முதல் பாறையில் மோதியது. ஃபைபர் என்றால் சில்லுச் சில்லாகத் தெறித்திருக்கும். இது நசுங்கியது.

"அடேயப்பா, அசல் மாதிரியே நசுங்குதே! கையக் குடுய்யா!" என்றார் டைரக்டர்.

தம்பி கை கொடுக்கவில்லை. மேலே ஓடினான். அங்கே அவன் செய்த டூப் கார் கீறல்கூட இல்லாமல் நின்றது.

"வழக்கம்போல தட்டிப் பாத்துட்டுதாம்பா தள்ளுனோம்," என்றார் ஸ்டண்ட் மாஸ்டர். "இந்தக் கதவு தகரமா 'டங்'குன்னுச்சு. அப்ப இது அசலு, மத்தது டூப்புன்னு நெனச்சு அத உருட்டிட்டோம்."

அண்ணி வீட்டு வாசலிலேயே நின்று தம்பி எல்லாவற்றையும் சொன்னான். "கதவப் பத்தி நான் அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும் அண்ணி."

அண்ணி திட்டியிருக்கலாம்; திட்டவில்லை. "வண்டி டேஷ்போர்டு டப்பாவுல அவரு மூக்குக்கண்ணாடி இருந்துச்சு," என்றார். "சாவியக் குடுக்குறதுக்கு முன்னாடி எடுத்துடலாம்னுதான் போனேன். எடுத்தா அவரு இனிமே வரமாட்டாருன்னு ஆயிடுமேன்னு விட்டுட்டேன்."

தம்பி திரும்பிப் போய்ப் பள்ளத்தில் இறங்கினான். கடப்பாரையால் நெம்பி நெம்பி டப்பாவைத் திறப்பதற்குள் உள்ளங்கைத் தோல் உரிந்தது. மூக்குக்கண்ணாடி முழுசாக இருந்தது. எந்த முகத்தோடு அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரியாமல், அந்தத் தகரக் குவியலின் மேலேயே உட்கார்ந்திருந்தான்.