நாடகத்தில் தொங்கிய படம்

பிரமிளா டிவியில் நாடகம் பார்க்க உட்கார்ந்தால் கதாநாயகியைப் பார்க்க மாட்டாள், சுவரைப் பார்ப்பாள். போன காட்சியில் நாலு மணி காட்டிய கடிகாரம் இந்தக் காட்சியில் மூன்றரை காட்டுகிறதா, கோலாலம்பூர் பணக்காரர் வீடு என்று சொல்லிவிட்டு ஈப்போ மளிகைக்கடை காலண்டரை மாட்டியிருக்கிறார்களா என்று துருவித் துருவிப் பார்த்து, மறுநாள் காலை ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போடுவாள். “மூனு வருசம் மயக்கத்துல கெடந்தவனுக்கு யாருலா சவரம் செஞ்சது?” என்று ஒருமுறை அவள் கேட்டதற்கு, ஈப்போவில் அவள் குடியிருக்கும் சிலிபின் வட்டாரமே சிரித்தது. சினிமாவையும் விடமாட்டாள். நடுவில் பனிமலையில் பாட்டு வந்தால் கதை எழுதியவனுக்குத் தூக்கம் வந்துவிட்டது என்பது அவள் தீர்ப்பு.

அப்படிப்பட்ட கண்ணில்தான் அது பட்டது. உள்ளூரில் எடுத்த புது நாடகம். மாமியார் மருமகளை அழ வைத்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்குப் பின்னால் சுவரில் மாலை போட்டு, சின்னச் சிவப்பு விளக்கு எரிய, ஓர் இளைஞனின் படம். பிரமிளா காட்சியை நிறுத்திவிட்டு எழுந்துபோய் மூக்கு முட்டும் தூரத்தில் நின்று பார்த்தாள். இடது புருவத்தை இரண்டாக வெட்டிய தழும்பு. சந்தேகமே இல்லை, அவள் புருசன் ஜெயபாலன்.

முதல் புருசனை மோட்டார் விபத்தில் பறிகொடுத்து, அவன் படத்துக்குத் தன் கையாலேயே மாலை போட்டவள் அவள். நாலு வருடம் கழித்துக் கிள்ளானில் ஜெயபாலனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அன்றிலிருந்து அவர் வீடு திரும்பப் பத்து நிமிடம் தாமதமானாலும் வாசலில் போய் நிற்பாள். அந்த மனிதனுக்கு யாரோ மாலை போட்டு வைத்திருக்கிறார்கள்!

ஜெலாப்பாங்கில் உள்ள கம்பெனியில் வேலை முடிந்து வந்தவரிடம் அதைக் காட்டினாள். அவர் ஒரு பார்வைதான் பார்த்தார். கழற்றிய தொப்பியை மறுபடியும் தலையில் மாட்டிக்கொண்டார்.

“என்னாங்க, இது நீங்கதானே?”

“ஒரே மாதிரி ஒலகத்துல ஏழு பேரு இருப்பாங்கலா. பசிக்குது, சோத்தைப் போடு.”

“ஏழு பேருக்கும் அதே புருவத்துலயா வெட்டுக்காயம்?”

“நாடகம் பாத்துப் பாத்து ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சு பிரமி.”

இத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சொன்னதே இல்லை. அவள் கருத்துகளை முதலில் கேட்டுச் சிரிப்பவரே அவர்தான். மறுநாள் பார்த்தால், டிவி டெக்கோடர் பெட்டியில் பதிந்திருந்த அந்த ஒரு பாகம் மட்டும் அழிந்திருந்தது. எலி அம்மணமாக ஓடினால் சும்மாவா ஓடும்?

“எனக்கு யாரும் இல்ல, எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்க” என்று கல்யாணத்துக்கு முன்பு ஒரே வரியில் தன் சொந்தக் கதையை முடித்தவர் அவர். நாடகத்தில் எவனாவது அப்படிச் சொன்னால், “இவனுக்கு எங்கேயோ ஒரு குடும்பம் இருக்குலா” என்று முதல் பாகத்திலேயே போட்டு உடைத்திருப்பாள். தன் வீட்டில் மட்டும் எப்படி நம்பினாள்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவர் வாசலில் நின்று போன் பேசினால் யாரிடம் என்று காதைத் தீட்டினாள். கூடுதல் நேர வேலை என்றால் சட்டையை மோந்து பார்த்தாள். இவர் ஓடிவந்துவிட, செத்துப்போனதாக நம்பி ஒருத்தி பொட்டழித்து உட்கார்ந்திருக்கிறாள் என்று அவளே கதை கட்டினாள். அந்த முகம் தெரியாதவளுக்காக அழுதாள், அவள்மேல் எரிச்சலும்பட்டாள்.

குழுவில் ஒன்றும் தெரியாதவள்போல, “அந்த நாடகத்து வீடு ரொம்ப அழகா இருக்கு, எங்க இருக்கு?” என்று கேட்டு வைத்தாள். தைப்பிங்கிலிருந்து ஒருத்தி, பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தங்கள் தாமான் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வீடு என்று பதில் போட்டாள். பிரமிளா பல் வைத்தியரிடம் போவதாகப் புருசனிடம் பொய் சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள்.

தைப்பிங்கில் வழக்கம்போல மழை. கதவைத் திறந்தவளுக்கு நாற்பது வயதிருக்கும். பிரமிளா முதலில் பார்த்தது அவள் கழுத்தைத்தான். தாலி இருந்தது, நெற்றியில் பொட்டும் இருந்தது. அப்படியானால் இவள் இல்லை.

“நான் அந்த நாடகம் பாக்குறவ. சூட்டிங் எடுத்த வீட்டைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

“வாங்கக்கா, நெறைய பேரு வாராங்க. நான் தினேஸ்வரி” என்று சிரித்தபடி உள்ளே கூப்பிட்டாள் அவள்.

படம் அதே சுவரில் இருந்தது. “இது நாடகத்துக்கு மாட்டினதா?” என்று பிரமிளா கேட்டாள்.

“இல்லக்கா, எங்க அண்ணன். எடுத்துரவான்னு கேட்டேன், அம்மாதான் இருக்கட்டும், நாலு பேரு பாக்கட்டும்னுட்டாங்க.”

“எப்படிச் செத்தாரு?”

தினேஸ்வரி உள்ளறைப் பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். “சாவலக்கா. தலை முழுகிட்டோம். புருசன் செத்த பொம்பளையைக் கட்டுவேன்னு நின்னாரு. அவளைக் கட்டுனா நீயும் அவன் மாதிரியே போயிருவேன்னு அம்மா அழுதாங்க. கேக்கல. அவரு பதிவு பண்ண அன்னைக்கே அம்மா தலையில தண்ணி ஊத்திக்கிட்டு, படத்தை மாட்டிட்டாங்க. வருசா வருசம் அதே நாள்ல நெத்திலி சம்பல் வச்சுப் படைப்போம்.”

படத்தின் கீழே எழுதியிருந்ததைப் பிரமிளா படித்தாள். மறைவு: 30.8.2004. வருடம் தவறாமல் அவள் கல்யாண நாளென்று பாயசம் வைத்த நாள். அந்தப் பாயசத்தைக் குடித்துவிட்டு, நல்லாயிருக்கு பிரமி என்று அவர் சொன்ன நாள். இன்னொருத்தி இல்லை என்று தெரிந்தும் அவளுக்கு நிம்மதி வரவில்லை, வெட்கம் வந்தது. தனக்காகச் செத்தவனாகவே இருந்தவரின் சட்டையைப் போய் மோந்து பார்த்தோமே என்று கூசிப்போனாள். இதை ஒரு வார்த்தை சொல்லாமல் மறைத்தாரே என்று அவர்மேல் கோபமும் வந்தது.

“யாரு வந்திருக்கா தினேஸு?” உள்ளறையிலிருந்து அம்மா முத்தம்மா வந்து நின்றாள்.

“நாடகம் பாக்குறவங்கம்மா.”

அத்தோடு போயிருக்கலாம். குடையைக்கூடக் கையில் எடுத்துவிட்டாள். ஆனால் அதைத் திரும்பக் கீழே வைத்தாள்.

“நான் பிரமிளாங்க அத்தே. ஜெயபாலன் சம்சாரம்.”

தினேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். முத்தம்மா திட்டவில்லை. கிட்டே வந்து பிரமிளாவின் நெற்றிப் பொட்டைப் பார்த்தாள். கழுத்துத் தாலியைப் பார்த்தாள். அதை விரலால் தொட்டும் பார்த்தாள். பிறகு மெதுவாக நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தாள்.

“காலையில என்னா சாப்பிட்டான்?”

“தோசைங்க அத்தே. நாலு தோசை சாப்பிட்டுட்டு வேலைக்குப் போயிருக்காரு.”

“நாலுதானா?” முத்தம்மாவின் கண் நிறைந்துவிட்டது. “ஆறு திம்பானே.”