வேலப்போடியை வரவேண்டாம் என்ற வருடம்

புயலடித்ததற்கு இரண்டாம் வருடம் எங்கள் வயற்காரர் கூட்டத்தில் முதலைகளைப் பற்றி முக்கால் மணித்தியாலம் பேசினேன். யாரும் பேசச் சொல்லவில்லை. விஞ்ஞான வாத்தியாரிடம் ஒரு படப் புத்தகமும் நாற்பது வெள்ளாமைக்காரரும் ஒன்றாக அகப்பட்டால் வேறென்ன நடக்கும்?

எங்கள் வயல்கள் ஆற்றுக்கு அக்கரையில். மார்பளவு தண்ணீரில் இறங்கித்தான் அறுவடைக்குப் போகவேண்டும். வருடாவருடம் பக்கத்துத் தமிழ் ஊரிலிருந்து வேலப்போடியை அழைப்போம். காலையில் மந்திரம் சொல்லி முதலையின் வாயைக் கட்டுவார். பொழுதுபட அவிழ்த்து விடுவார். "அதுக்கும் பசிக்கும்தானே" என்பார். இடையில், பகல் முழுக்க நீண்ட கம்பால் தண்ணீரை அடித்தபடி துறையில் நிற்பார். மந்திரத்துக்குச் சிரித்த நான் கம்பைக் கவனிக்கவில்லை.

"டைனோசர் காலத்திலயே முதலைக் குடும்பம் இரிந்திச்சி" என்றேன் கூட்டத்தில். "அது அழிஞ்சிச்சி, இது அழியல்ல. ஒரு சாதிக்கு நாக்கில உப்பைக் கக்குற சுரப்பி இரிக்கி. அதால கடலக் கடந்து, தீவு தீவாப் பரவி, அவுஸ்திரேலியா வரைக்கும் போயிரிக்கி."

"அப்ப நம்மட ஆத்தில கிடக்கிறது?" என்று கேட்டார் மீராசா.

"இது குளத்து முதலை. மீனத் திண்டுக்கிட்டு கிடக்கிற சாது. ஆளப் புடிக்கிறது அந்தக் கடல் சாதி. அது இஞ்ச இல்ல."

புத்தகத்திலிருந்த உலகப் படத்தைத் தூக்கிக் காட்டினேன். என் தங்கை ஸாலிஹாவின் மாப்பிள்ளை ஹமீட்தான் பலமாகக் கைதட்டினான்.

"எங்கட மச்சானுக்குத் தலையில மயிர் இல்லாட்டியும் உள்ளுக்கு மூள இரிக்கி கா!"

வேலப்போடியை வரவேண்டாம் என்று ஆள் அனுப்பினார்கள்.

அறுவடை தொடங்கிய காலை, முதலில் ஆற்றில் இறங்கியவனும் ஹமீட்தான். "பெரியப்பா, வழி விடுங்க!" என்று தண்ணீரைப் பார்த்துக் கத்தினான். எல்லோரும் சிரித்தோம். நடு ஆற்றில் ஒரு வால் தண்ணீரை அடித்தது, ஆளைக் காணவில்லை. மீராசாவும் மூன்று பேரும் அரிவாளோடு பாய்ந்து அவனை இழுத்தெடுத்தார்கள். நான் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று கரையில் நின்றேன். உயிர் தப்பியது. ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலோடு எடுத்தார்கள்.

அன்று வீட்டில் அந்தப் படத்தைச் சரியாகப் பார்த்தேன். கடல் முதலை வாழும் இடங்களுக்குச் சிவப்பு பூசியிருந்தது. எங்கள் கரையும் சிவப்பு. அதன்மேல் என் பெருவிரலின் மை அடையாளம். நாற்பது பேருக்கு முன்னால் இலங்கையை விரலால் மூடிக்கொண்டு அவுஸ்திரேலியாவைக் காட்டியிருக்கிறேன்!

மறுநாள் வார்டில் ஹமீட் பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "மச்சான் சொன்னது சரிதான். இது எங்கயோ இரிந்து வழி தவறி வந்த சாமான். அவரக் குறை சொல்லாதீங்க."

ஸாலிஹா எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். வெட்கமில்லாமல் குடித்தேன். அடுத்த நாளும் குடித்தேன். மூன்றாம் நாள்தான் புத்தகத்தைக் கொண்டுபோனேன்.

"ஹமீட், அது வழி தவறி வரல்ல. அதுட ஊரே இதுதான். புத்தகத்தில இரிந்திச்சி. நான் பாக்கல்ல."

அவன் படத்தை நெடுநேரம் பார்த்தான்.

"காக்கா, இது எப்ப தெரியும் உங்களுக்கு?" என்று அண்ணனான என்னைக் கேட்டாள் ஸாலிஹா.

"அண்டைக்கே."

அவள் தேத்தண்ணிப் போத்தலை மூடி வைத்தாள். ஹமீட் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினான். "என்னட்டச் சொல்லி என்ன மச்சான்? என்ட கால் போயிற்று. ஆத்தில இறங்கிற ஆக்களிட்டப் போய்ச் சொல்லுங்க."

போனேன். யாரும் அழைக்காமலே வேலப்போடி துறைக்கு வந்திருந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி நடந்ததைச் சொன்னேன். ஒருவரும் ஏசவில்லை, ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஒரு பகிடி விட்டுத் தப்பியிருப்பேன். வேலப்போடி மட்டும் இன்னொரு கம்பை நீட்டினார்.

"வாத்தியார், மந்திரத்த நான் பாக்கிறன். நீங்க அந்தப் பக்கம் அடிங்க."

சாரனை மடித்துக் கட்டி, இடுப்பளவு தண்ணீரில் நின்று அடித்தேன். தலையில் கதிர்க்கட்டோடு வந்த மீராசா என்னருகில் நின்றார்.

"சேர், நீங்க நிக்கிற இடத்தில குழி இரிக்கி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன். அவர் போகும்வரை தலையை நிமிர்த்தவில்லை.